கையிருப்பைக் காத்து மிதித்தல்: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்

என் அக்காவுக்குக் கீமோதெரபி முடிந்து ஐந்தாவது வாரம். காலையில் எழுந்தபோது உடம்பு வழக்கத்தைவிட இலேசாக இருந்ததால், முற்பகலில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய் மீனும் முருங்கைக்காயும் வாங்கி வந்தார், மதியம் சமைத்தார், மாலையில் சன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துவிட்டு, குளியலறையையும் தேய்த்துக் கழுவினார். அதன் பிறகு மூன்று நாள் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, வீட்டில் எல்லாரும் பயந்தோம். அடுத்த சந்திப்பில் அவருடைய பிசியோதெரபிஸ்ட் அந்த ஒரு நாளின் வேலைகளை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, மாதச் சம்பளம் முழுவதையும் முதல் தேதியிலேயே செலவழித்ததன் விளைவுதான் இது என்று விளக்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் நகராமல் நிற்கும் மிதிவண்டியில் நாளுக்கு எட்டு நிமிடம் மட்டும் மிதிக்குமாறும், ஒன்பதாவது நிமிடம் மிதிக்க ஆசை வந்தாலும் இறங்கிவிடுமாறும் அப்போதுதான் அவர் சொன்னார்.

ஆசை இருக்கும்போதே இறங்குவது என்னும் அந்தப் பழக்கத்தைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது. நெடுந்தூரம் மிதிப்பவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கும் சிக்கனம் அது. இருக்கும் வலிமையைவிடக் குறைவாகச் செலவிடுவது, பசிக்குமுன் உண்பது, திரும்பி வருவதற்கான பங்கை முதலிலேயே ஒதுக்கிவைப்பது ஆகிய மூன்றையும் அறியாமல் எவரும் 100 கிலோமீட்டர் மிதித்து நலமாக வீடு திரும்ப முடியாது. சிகிச்சை முடிந்த உடம்புக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதே சிக்கனம்தான் என்பது என் கருத்து. தூரம் அதன் பிறகு தானாக வந்து சேர்கிறது.

ஓய்வால் தீராத களைப்பு

நாள் முழுதும் உழைத்தவரின் களைப்பு ஓரிரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் உண்டாக்கும் களைப்பு அவ்வாறு தீர்வதில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தவர்கூட, பல் துலக்கியதும் உட்கார இடம் தேடுவார். இதற்குக் காரணம் ஒன்றல்ல. ரத்தசோகை, உடம்பில் நீடிக்கும் அழற்சி, கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு, தைராய்டுக் குறைபாடு, வலிக்கும் வாந்திக்கும் கொடுக்கும் மருந்துகள் எனப் பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றில் சில மருந்தாலேயே சரியாகக்கூடியவை என்பதால், உடற்பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதே முறை. ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருக்கும்போது மிதிவண்டியில் ஏறுவது மனவுறுதியின் அடையாளமாகாது.

அக்காரணங்களுக்கெல்லாம் மேலாக இன்னொன்று வந்து சேர்கிறது. களைப்பாக இருப்பதால் படுக்கிறோம், படுத்திருப்பதால் தசை கரைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைகிறது, தசை நாருக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் குறைகின்றன, அதனால் முன்பு சாதாரணமாகச் செய்த வேலைக்கே உடம்பு முழு மூச்சையும் செலவிட வேண்டியதாகிறது, மறுபடியும் களைக்கிறோம். இந்தச் சுழலை வெளியிலிருந்து யாராவது ஓரிடத்தில் வெட்டிவிட்டால்தான் அது நிற்கும். அளவான அசைவுதான் அந்த வெட்டு.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்குச் சுமார் 30 நிமிடம், மிதமான வேகத்தில் மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை தரும் அசைவை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து செய்தவர்களிடம் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைந்தன. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது. எடை தூக்கும் பயிற்சியை வாரத்திற்கு இரண்டு முறை சேர்த்துக்கொள்ளவும் அது பரிந்துரைத்தது.

உயிர் பிழைப்பதற்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்விக்கு நீண்ட காலம் உறுதியான விடை இல்லாமல் இருந்தது. 2025 ஜூன் மாதத்தில் ஒரு விடை கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு அது. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி பற்றிய அச்சிட்ட குறிப்புகள் மட்டும் தரப்பட்டன; மற்றொரு குழுவுக்கு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து வழிகாட்டினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நோயின்றி உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு, மற்ற குழுவில் 73.9 விழுக்காடு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் முறையே 90.3 விழுக்காடும் 83.2 விழுக்காடும் ஆவர். புதிய மருந்து ஒன்று இத்தகைய வேறுபாட்டைக் காட்டியிருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

ஆனால் இந்த ஆய்வை அதன் எல்லைக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும். அது பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது, எல்லாப் புற்றுநோய்களையும் பற்றியதன்று. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வேகமாக நடந்தார்கள். மிதிவண்டி ஓட்டியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சிக் குழுவில் தசை, மூட்டு தொடர்பான உபாதைகள் மற்ற குழுவைவிட அதிகமாக இருந்தன என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு எவ்வளவு என்று பார்த்தால் அச்சம் சற்றுக் குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலை ஒரு ‘மெட்’ என்று வைத்துக்கொண்டு, ஒரு செயல் அதைப்போல் எத்தனை மடங்கு ஆற்றலைக் கேட்கிறது என்று கணக்கிடுவார்கள். வழக்கமாகச் செய்துவரும் அசைவுக்கு மேலாக வாரத்திற்கு 10 மெட்-மணி என்பதே ஆய்வின் இலக்கு. மணிக்கு 16 கிலோமீட்டருக்கும் குறைவாக நிதானமாக மிதிப்பது ஏறத்தாழ 4 மெட் என்பதால், வாரத்திற்கு இரண்டரை மணி நேரம் நிதானமாக மிதித்தால் அந்த அளவு வந்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதிக்கும் தகப்பன்மார்களின் வேகம் அது.

மிதிவண்டி எதற்கு, நெடுந்தூரம் எதற்கு

நடைப்பயிற்சியே போதுமானது என்றால் மிதிவண்டி எதற்கு என்று கேட்கலாம். உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வது முதல் வசதி. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைகளில் சில மூட்டு வலியை உண்டாக்கும். நடக்கும்போது முழங்கால் முணுமுணுக்கும் அவர்களில் பலருக்கு மிதிப்பது எளிதாக இருக்கிறது. இரண்டாவது வசதி கியர். மேடு வந்தால் நடப்பவருக்கு மூச்சு வாங்கும். மிதிப்பவரோ கியரைக் குறைத்துக்கொண்டு அதே மூச்சில் ஏறிவிடலாம். வேண்டிய அளவுக்கு மட்டும் உழைப்பைத் திருகி வைத்துக்கொள்ளும் இந்த வசதி, கையிருப்பு குறைந்தவருக்குப் பெரிய வரம்.

மிதிவண்டியால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. எலும்பு வலுப்பெற வேண்டுமானால் அதன்மேல் எடை இறங்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்து மிதிக்கும்போது அது நடப்பதில்லை. மேற்சொன்ன மாத்திரைகளில் சிலவும், புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் தடுப்பு ஊசிகளும் எலும்பை மெலிய வைப்பவை. ஆகவே மிதிப்பவர்களும் நடக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்க வேண்டும்.

அடுத்தது நெடுந்தூரம் என்னும் சொல். உலக அளவில் இதற்கென ஒரு மரபு இருக்கிறது. ‘ஓடாக்ஸ்’ எனப்படும் பயணங்களில் பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திற்குள் கடந்தால் போதும். சாப்பாட்டையும் ஓய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகம் அது. 1891இல் முதன்முதலாக நடந்த பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்னும் 1,200 கிலோமீட்டர் பயணம் இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதை 90 மணி நேரத்திற்குள் முடிப்பவர்களில் நரைத்த தலைகள் ஏராளம். வேகத்தை விட்டுக்கொடுத்தால் தூரம் கிடைக்கும் என்பதே அந்த மரபின் அடிப்படை. மெதுவாக நீண்ட நேரம் மிதிக்கும்போது உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரித்து ஓடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. சிகிச்சையின்போது இழந்த அதே சொத்து இவ்வாறு சிறுகச் சிறுகத் திரும்பி வருகிறது.

புற்றுநோய் என்றதும் மிதிவண்டியோட்டிகளுக்கு நினைவுக்கு வரும் பெயர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1996இல் விரைப்புற்றுநோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்த நிலையில் கண்டறியப்பட்டு, சிகிச்சை பெற்று மீண்டு, 1999 முதல் தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்று, ஊக்கமருந்து பயன்படுத்தியதற்காக 2012இல் அவ்வேழு பட்டங்களையும் இழந்தவர் அவர். அந்தக் கதையில் நமக்குப் பயன்படுவது ஒரு சிறு பகுதிதான். முதல் சுற்றுக் கீமோதெரபிக்குப் பிறகு, நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தைத் தவிர்த்து, அதற்குப் பதிலாக வேறு மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை அவர் பெற்றார். எந்த மருந்து உடம்பின் எந்தப் பகுதியைத் தொட்டிருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது, பட்டம் வெல்பவருக்கு மட்டுமின்றி பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றுபவருக்கும் தேவையான அறிவு.

எந்த அளவு சரியான அளவு

இதயத் துடிப்பை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரங்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. சிகிச்சை முடிந்தவர்கள் அவற்றை அப்படியே நம்ப வேண்டாம் என்பேன். ரத்தசோகை இருந்தால் துடிப்பு இயல்பைவிடக் கூடும். இதயத்திற்குத் தரும் சில மாத்திரைகள் அதைக் கூடவிடாமல் பிடித்து வைக்கும். பேச்சுதான் அதைவிட நல்ல அளவுகோல். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதாமல் இருக்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். வாக்கியம் இரண்டாக உடைந்தால் கியரைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அக்கா தனியாக மிதிக்கும்போது, வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களின் பட்டியலை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். எதிரில் வருபவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இரண்டாவது அளவுகோல் மறுநாள் காலை. பயணத்தன்று மாலையில் களைப்பு இருப்பது இயல்பு. இரவு தூங்கி எழுந்த பிறகும் அது அதே கனத்தோடு இருந்தால் முதல் நாள் செலவு மிஞ்சிவிட்டது என்று பொருள், அடுத்த பயணத்தைக் குறைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அக்காவின் நோட்டில் தேதி, நிமிடம், அன்று மாலைக் களைப்புக்குப் பத்தில் எத்தனை, மறுநாள் காலைக் களைப்புக்குப் பத்தில் எத்தனை என்று நான்கு பத்திகள் மட்டுமே இருக்கும். இரண்டு வாரம் காலை எண் மூன்றைத் தாண்டாமல் இருந்தால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுவார். முதலில் நேரம், பிறகு நாள்களின் எண்ணிக்கை, கடைசியில்தான் வேகம் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட வரிசை. வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்று பலர் சொல்வார்கள். அது அனுபவத்தில் வந்த கைக்கணக்கு, அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் கூட்டுவதைப் பற்றிய பேச்சே வேண்டாம்; இருப்பதைத் தக்கவைத்தாலே போதும்.

விரலும் கையும் இருக்கையும்

எந்த மருந்தும் எந்த அறுவையும் மிதிவண்டியில் எங்கே குறுக்கிடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கீமோதெரபியில் தரும் டாக்சேன் வகை மருந்துகளும் பிளாட்டினம் வகை மருந்துகளும் விரல் நுனிகளிலும் பாதங்களிலும் உணர்ச்சியை மழுங்கச் செய்யக்கூடியவை. கோப்பை கைநழுவுவதும் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவதும் வீட்டில் தெரிந்துவிடும். பிரேக்கைப் பிடிக்கும் விரல் மரத்திருப்பது பாதையில் இறங்கிய பிறகுதான் தெரியும். கட்டட வாகன நிறுத்துமிடத்தில் மிதிவண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பிரேக்கைப் பிடிக்குமாறு அக்காவிடம் சொன்னோம். பிடித்துவிட்டேன் என்றார். அவருடைய இடக்கையின் இரண்டு விரல்கள் பிரேக் கம்பிக்கு ஓர் அங்குலம் தள்ளிக் காற்றில் வளைந்திருந்தன.

அன்று மிதிவண்டி அங்கிருந்து நகரவில்லை. பிரேக் கம்பியைக் கைப்பிடிக்கு அருகில் கொண்டுவரும் சிறு திருகாணி ஒன்று பெரும்பாலான மிதிவண்டிகளில் உண்டு, அதை முடுக்கினோம். ஏறுவதற்கு முன் கம்பியைக் கண்ணால் பார்த்தபடி மூன்று முறை அழுத்திப் பழகுவது வழக்கமாயிற்று. பாதத்திலும் மரப்பு இருந்ததால், மிதிகட்டையோடு காலணியைப் பூட்டும் வகையை அவர் கடைசிவரை பயன்படுத்தவில்லை. மரப்பு அதிகமாக இருந்து சமநிலையும் கெட்டிருப்பவர்கள் நகராத மிதிவண்டியிலேயே தொடர்வது நல்லது. அதில் கிடைக்கும் பலன் குறைவன்று.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயம் உண்டு. அந்தக் கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, படிப்படியாக எடை கூட்டிச் செய்யும் பயிற்சியால் வீக்கம் மோசமாகவில்லை என்றும், அது திடீரென அதிகரிக்கும் நிகழ்வுகள் குறைந்தன என்றும் காட்டி அந்த எண்ணத்தை மாற்றியது. இருப்பினும் கைப்பிடிமேல் உடம்பைச் சாய்த்து ஒரே நிலையில் மணிக்கணக்கில் அழுத்துவது வேறு விஷயம். முதுகை நிமிர்த்தி உட்காரும் வகையில் கைப்பிடியை உயர்த்திக்கொள்வதும், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கையை எடுத்து விரல்களை மடக்கி விரிப்பதும், சிராய்ப்பும் பூச்சிக்கடியும் அந்தக் கையில் தொற்றாக மாறாமலிருக்கக் கையுறை அணிவதும் போதுமான கவனம். இறுக்கு உறை அணிய வேண்டுமா என்பதை நிணநீர் வீக்கத்தைக் கவனிக்கும் சிகிச்சையாளர் சொல்வார்.

ஆண்கள் வெளியில் பேசத் தயங்கும் பகுதி இருக்கை. புரோஸ்டேட் அறுவைக்குப் பிறகு எப்போது இருக்கையில் அமரலாம் என்பதை அறுவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்; நடுவில் பள்ளம் உள்ள இருக்கை பலருக்கு உதவுகிறது. தொடர்கண்காணிப்புக்காக, புரோஸ்டேட்டின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர்கள், அதற்கு முந்திய 48 மணி நேரம் கடுமையாக மிதிக்காமல் இருப்பது நல்லது. அந்த அழுத்தத்தால் எண் சற்று உயர்ந்து வீண் கலக்கத்தைத் தரலாம். குடல் அறுவையால் வயிற்றில் திறப்பு உள்ளவர்களுக்கு, குனிந்து மிதிப்பதைவிட நிமிர்ந்து மிதிப்பது வசதி.

டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் இதயத்தின் பம்பு வலிமையைக் குறைக்கக்கூடும்; அவற்றைப் பெற்றவர்கள் இதய ஸ்கேன் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகே தூரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ ஒரு சாதாரண விழுதல்கூட ஆபத்தாகும் என்பதால், வெளியே மிதிப்பதா இல்லையா என்பது மருத்துவரின் முடிவு. காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல், ஒரு கால் மட்டும் வீங்குதல், புதிதாக வந்த எலும்பு வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று மிதிவண்டி பூட்டிலேயே இருக்கட்டும். கீமோதெரபி காலத்தில் 38 டிகிரிக் காய்ச்சல் என்பது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

சிங்கப்பூரின் வெயிலும் பாதையும்

குளிர்நாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு இங்கே மிதிப்பவர்கள் ஏமாந்துபோவது வெப்பத்தில். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊரின் ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்து ஓடிவிடுகிறது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லைகள் உண்டு. ஹார்மோன் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குத் திடீர்திடீரென உடம்பு கொதிக்கும். கதிர்வீச்சு பட்ட தோல் வெயிலைத் தாங்காது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு உமிழ்நீர் வற்றியிருக்கும். 2023 ஜூலை முதல் தேசியச் சுற்றுப்புற அமைப்பு வெப்ப அழுத்த நிலையை வெளியிட்டு வருகிறது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்-கோள வெப்ப அளவு (WBGT) 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் கடுமை. மைஎன்வி செயலியில் அதைப் பார்த்துவிட்டு, மிதமான நிலை வந்தவுடனேயே நிழலுக்கு ஒதுங்குவது சிகிச்சை பெற்றவர்களுக்குப் பொருந்தும்.

சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஆறரைக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திரும்பிவிட்டால் வெயிலின் கொடுமை தெரியாது. இருட்டில் முன்பக்கம் வெள்ளை விளக்கும் பின்பக்கம் சிவப்பு விளக்கும் கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்ப் புயல்மழை வந்து சேர்வதுண்டு. கடற்கரையில் இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். புகைமூட்டம் உள்ள நாள்களில் நகராத மிதிவண்டிதான்.

பாதை விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். தேசிய பூங்காக் கழகத்தின் பூங்கா இணைப்புப் பாதைகள் தீவு முழுவதும் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. கீமோதெரபிக்குப் பிறகு சிலருக்குக் கவனம் சிதறும், கேட்டது உடனே மறக்கும். கார்களும் பேருந்துகளும் ஓடும் சாலையைவிட இந்தப் பாதைகளே அவர்களுக்கு ஏற்றவை. அவற்றில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடைபாதையில் 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்னும் விதிகள் மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு. நமக்கு மருந்துச் சீட்டு. தலைக்கவசம் சாலையில் மட்டுமே கட்டாயம் என்றாலும், எல்லா இடத்திலும் அணிவதே அறிவு.

பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவர 4.3 கிலோமீட்டர். எங்கே நின்றாலும் வீடு பக்கத்தில்தான் என்பதால் முதல் மாதங்களுக்கு இத்தகைய சுற்றுப்பாதையே சிறந்தது. அங்கிருந்து சிக்லாப் கால்வாயோரமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனால் தூரம் தானாக நீளும். கிழக்குக் கரையோரச் சுற்று 42 கிலோமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ், தெம்பனிஸ் வழியாகப் போய் மீண்டும் நீர்த்தேக்கத்துக்கே வரும். தீவைச் சுற்றிவரும் 150 கிலோமீட்டர்ப் பாதையில் கிழக்குப் பகுதியின் 75 கிலோமீட்டர் 2021 முதல் பயன்பாட்டில் உள்ளது. கடற்கரைப் பாதையில் காற்று ஏமாற்றும் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் காற்றில் பறந்துபோய்விட்டு, திரும்பும்போது அதே காற்றை முகத்தில் வாங்குபவர்கள் தங்கள் கையிருப்பைப் போகும் வழியிலேயே தொலைத்திருப்பார்கள். ஆகவே முதலில் எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றின் உதவியைப் பெறுவது பழைய ஓட்டிகளின் வழக்கம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 45 நிமிடத்திற்கு மேல் மிதிப்பதாக இருந்தால் ஏதாவது கையில் இருக்க வேண்டும். சிகிச்சையால் நாவின் சுவை மாறியவர்களுக்கு இனிப்புப் பானங்கள் குமட்டும். உப்புப் போட்ட மோரும் வாழைப்பழமும் இட்லியும் பலருக்கு இறங்கும். சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நின்று பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ தேநீர் ஒன்றைக் குடிப்பதும் பயணத்தின் பகுதிதான், நின்ற நேரத்தை யாரும் கணக்கில் கழிப்பதில்லை.

வீட்டாரின் பயம்

நம் வீடுகளில் நோயாளியை அன்பு காட்டிப் படுக்க வைப்பதே வழக்கம். பார்க்க வருபவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு, உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்னும் அறிவுரையையும் கொண்டுவருவார்கள். மிதிவண்டி என்ற பேச்சை எடுத்ததும் எங்கள் அம்மா அதன் பூட்டுச் சாவியைச் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அளவு தெரியாமல் மிதித்து விழுந்தவர்களையும் அம்மா பார்த்திருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தியது ஆய்வு முடிவு எதுவுமன்று. அக்காவோடு ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து, பிசியோதெரபிஸ்ட் வாயாலேயே நிமிடக் கணக்கைக் கேட்டுக்கொண்டதுதான். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் ஜூரோங் ஈஸ்ட்டில் மறுவாழ்வு நிலையம் நடத்துகிறது. மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவுகள் உள்ளன. முதல் சந்திப்புக்கு வீட்டில் அதிகம் பயப்படுபவரையும் உடன் அழைத்துப் போவது நல்லது.

மடக்கு மிதிவண்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மடித்தபோது 120 செண்டிமீட்டர் நீளம், 70 செண்டிமீட்டர் உயரம், 40 செண்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கினால் அதை எந்த நேரத்திலும் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம் என்பதே அதை நான் பரிந்துரைக்கும் காரணம். எங்கே நிறுத்தினாலும் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது என்னும் உறுதி இருந்தால், நிறுத்துவது எளிதாகிவிடுகிறது.

அக்கா 42 கிலோமீட்டர்ச் சுற்றை முடிக்க எண்ணிப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, விமான ஓடுதளத்தை ஒட்டிய நிழல் குறைந்த நேர்ப்பாதையில் காற்று முகத்தில் அடித்தது. பாசிர் ரிஸ் பூங்காவுக்கு வந்தபோது 29 கிலோமீட்டர் ஆகியிருந்தது. காலில் வலியில்லை, பேச்சும் தடுமாறவில்லை. இன்னும் 13 கிலோமீட்டர்தான் இருக்கிறது, மெதுவாகப் போகலாமே என்று நான்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மீதமிருந்த மோரைக் குடித்தார். பிறகு எழுந்து மிதிவண்டியை மடித்தார். பாசிர் ரிஸ் நிலையத்திலிருந்து பிடோக் நான்காவது நிறுத்தம். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து தேதியையும் நிமிடத்தையும் எழுதி, மாலைக்கு நான்கு என்று போட்டு, அடுத்த பத்தியை மறுநாள் காலைக்காகக் காலியாக விட்டார்.